உப்பளத்தில் மூன்று ரோல்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில் பேட்டரி தண்ணீர் எப்போதும் இருக்கும். மெக்கானிக் கடையில் வாங்கி வைப்பது. அதன்மேல் அம்மா ஸ்கெட்ச் பேனாவில் "குடிக்காதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். ஃப்ரீசரில் நான்கு ஐஸ் ட்ரே. வீட்டுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைப் பற்றி வேறு ஏதோ நினைத்துக்கொள்கிறார்கள். நான் பிலிம் கழுவுகிறேன், அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளை பிலிமுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் நேரக் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை ஒரு மே மாத மதியம் அளந்தேன்: 37. அந்தத் தண்ணீரில் டீத்தூள் போட்டாலே சாயம் இறங்கும் போலிருந்தது.

இது மரக்காணம் உப்பளத்தில் எடுத்த மூன்று ரோல் பிலிமின் கதை. முதல் இரண்டும் வீண். ஆனால் கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்), கான்ட்ராஸ்ட் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த இரண்டு வீண் ரோல்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

முதல் ரோல். அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000, உள்ளே இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் பிலிம், 400 வேகம். வேகம் கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும். காலை பத்து மணிக்கே கண் கூசியது. பாத்தி பாத்தியாக உப்பு, கரையோரம் அம்பாரம், நடுவே கூடையைத் தலையில் சுமந்து வரிசையாகப் போகும் பெண்கள். ஓர் அக்கா நின்று என்னைப் பார்த்தார். கூடையின் நிழல் முகம் முழுக்க விழுந்திருந்தது. கேமராவின் வெளிச்ச மீட்டர் ஊசி நடுவில் நின்ற இடத்தில் அமுக்கினேன்: லென்ஸ் திறப்பு எஃப்16 (எண் கூடினால் திறப்பு சுருங்கும்), ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி.

கே1000இன் மீட்டர் சட்டகம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். சட்டகத்தில் முக்கால்வாசி வெயிலில் கிடந்த உப்பு. மீட்டருக்கு உப்பும் தெரியாது, முகமும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். உப்பைச் சாம்பலாக்கும் முயற்சியில் அந்த அக்காவின் முகத்தைக் கரியாக்கிவிட்டது. இது எனக்கு அப்போதே கொஞ்சம் உறைத்தது. ஆனாலும், பரவாயில்லை, கழுவும்போது நேரத்தைக் கூட்டினால் முகம் எழும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். புஷ் பண்ணுவது என்று எல்லாரும் சொல்கிறார்களே. டி-76 என்ற டெவலப்பரில், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தில், ஏழரை நிமிடம் கழுவ வேண்டிய பிலிமை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பதினான்கு நிமிடம் கழுவினேன்.

நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெளிச்சம்தான் கறுப்பு. உப்பு இருந்த இடம் தார் பூசியது போலக் கறுத்துக் கிடந்தது, பின்னால் இருந்த டியூப் லைட்கூடத் தெரியவில்லை. முகம் இருந்த இடம் வெறும் கண்ணாடி. பிரிண்ட் போட்டால் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பும் வானமும் ஒரே வெள்ளை, நடுவில் தலையில்லாத ஒரு சேலை. சேலையின் சாம்பல் நிறத்தில் மட்டும் கிரெய்ன், கையால் தடவினால் தட்டுப்படும் என்கிற அளவுக்கு.

அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனேன். நாற்பது வருடம் ஸ்டூடியோ நடத்தி மூடியவர். ஊட்டி தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிலிமிலும் பேப்பரிலும் கை பழகியவர். என் பாத்ரூமில் இருக்கிற என்லார்ஜர், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி, அவருடையதுதான், அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். நகங்கள் பழுப்பேறி, விரல் நுனித் தோல் வெடித்திருக்கும். டெவலப்பரில் சேரும் மெட்டால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வருடக்கணக்கில் வெறுங்கையால் அளைந்ததன் மிச்சம் அது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெகட்டிவைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"ரவை ரவையா இருக்கே தம்பி" என்றார். கிரெய்னுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரவை. நைஸ் ரவை, உப்புமா ரவை, கோதுமை ரவை என்று அதில் தரம் வேறு உண்டு. இது கோதுமை ரவையாம்.

"முகம் வரலையேன்னு நேரத்தைக் கூட்டினேன் ஐயா."

"முகந்தான் பிலிம்லயே விழலையே, அப்புறம் எங்கிருந்து வரும்? இருட்டுக்குக் குடுக்க வேண்டியதை கேமராவுலயே குடுத்துடணும். வெளிச்சத்தை கழுவுற டாங்க்ல பாத்துக்கலாம்."

இதே விஷயத்தை நான் ஆங்கிலத்தில் எத்தனையோ முறை படித்திருந்தேன். படித்ததற்கும் அந்தத் திண்ணையில் கேட்டதற்கும் நடுவில் ஒரு ரோல் பிலிம் விலை போயிருந்தது.

காரணம் இதுதான். பிலிமின் ஜெலட்டின் படலத்தில் வெள்ளி உப்பின் படிகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட படிகத்தை டெவலப்பர் கண்டுபிடித்து வெள்ளியாக மாற்றுகிறது. வெளிச்சம் போதாத படிகத்தை அது அனேகமாகத் தொடாது. நிழல் பகுதியில் மாற வேண்டிய படிகங்கள் கொஞ்சம்தான், அவை சீக்கிரமே மாறி முடிந்துவிடும். அதற்குப் பிறகு டாங்க்கில் போகும் ஒவ்வொரு நிமிடமும் பெரும்பாலும் வெளிச்சப் பகுதிக்கே போகிறது. அங்கே மாறுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. ஆக, நேரத்தைக் கூட்டினால் நிழல் நின்ற இடத்தில் நிற்க, வெளிச்சம் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். அந்த இடைவெளிக்குப் பெயர்தான் கான்ட்ராஸ்ட். இதை முதலில் அளந்து வரைபடமாகப் போட்டவர்கள் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வெரோ டிரிஃபீல்டு என்ற இருவர். இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊரின் சோடா ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் ரசாயனர், மற்றவர் இன்ஜினியர். போட்டோ எடுப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கட்டுரை வெளியான வருடம் 1890.

கிரெய்ன் விஷயத்தில் எனக்கு வேறொரு மயக்கம் இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு படிகம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. டி-76 போன்ற டெவலப்பரில் மாறிய வெள்ளியை நுண்ணோக்கியில் பார்த்தால் தேங்காய் நாரைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். அந்தச் சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படலத்தின் ஆழத்தில் கிடக்கின்றன. நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது அவை கும்பல் சேர்ந்த இடமும் சேராத இடமும். அதனால்தான் நேரம் கூடக்கூட, சூடு கூடக்கூட, ரவை பெரிதாகிறது. வேகமான பிலிமில் படிகமே பெரியது என்பது வேறு கணக்கு, அது வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. 125 வேக எஃப்பி4 பிளஸ் நைஸ் ரவை என்றால் ஹெச்பி5 உப்புமா ரவை. ரவை கண்ணை உறுத்துவதும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. அடர்ந்த கறுப்பிலும் சுத்த வெள்ளையிலும் தெரியாது. வானம், சுவர், கன்னம் என்று வழவழப்பாக இருக்க வேண்டிய நடுச் சாம்பலில்தான் வந்து உட்காரும்.

சரி, இரண்டாவது ரோல். இந்த முறை புத்திசாலியாகிவிட்டேன். அதுதான் பிரச்சினை.

1940 வாக்கில் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஜோன் முறையை உட்கார்ந்து படித்தேன். சுத்தக் கறுப்பு பூஜ்யம், காகித வெள்ளை பத்து, நடுச் சாம்பல் ஐந்து. ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு படி. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை ஐந்தில் வைக்கும். அதை எந்தப் படியில் வைப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்த முறையில் வெயிலில் நிற்கும் வெள்ளைக்காரர் தோலுக்கு ஆறாம் படி. முதலில் அதை அப்படியே நம்பி அம்மாவை ஆறில் வைத்து எடுத்துப் பார்த்தேன். அம்மா பிரிண்டைப் பார்த்துவிட்டு "பவுடர் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். எங்கள் வீட்டு முகங்களுக்கு ஐந்துதான் சரி, மாமாவுக்கு நாலரை. இதை அவரவர் தம் வீட்டு ஜன்னலோரம் யாரையாவது உட்கார வைத்துக் கண்டுபிடிப்பதே நல்லது. ஒரு அரை ரோல் செலவாகும்.

உப்பளத்துக்குத் திரும்பப் போனேன். அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டு கிட்டே போய், சட்டகம் முழுக்க முகம் மட்டும் இருக்கும்படி மீட்டர் பார்த்தேன்: எஃப்5.6, ஐந்நூறில் ஒன்று. முதல் ரோலில் நான் கொடுத்தது இதைவிட நாலு ஸ்டாப் குறைவு. அதாவது முகம் ஒன்றாம் படியில் விழுந்திருக்கிறது. ஒன்றாம் படி என்பது கிட்டத்தட்டக் கிணறு. அம்பாரத்தை மட்டும் பார்த்தேன்: எஃப்22, ஆயிரத்தில் ஒன்று. முகத்துக்கும் உப்புக்கும் ஐந்து ஸ்டாப் வித்தியாசம். நிழலில் இருக்கும் முகம் நிழலில் இருப்பதாகவே தெரிய வேண்டும் என்பதால் அதை நாலாம் படியில் வைத்தால் உப்பு ஒன்பதில் போய் நிற்கும். ஒன்பதில் கல்லுப்பின் பருக்கை எதுவும் தெரியாது. உப்பைக் குறைந்தது எட்டுக்காவது இறக்க வேண்டும். இறக்கும் வழி, கழுவும் நேரத்தைக் குறைப்பது. நேரம் குறைந்தால் நிழலும் கொஞ்சம் அடிவாங்கும் என்பதால் அதற்கு ஈடாக 400 பிலிமை மீட்டரில் 200 என்று வைத்து, ஒரு ஸ்டாப் கூடவே கொடுத்தேன். இதுவரை எல்லாம் சரி.

வீட்டுக்கு வந்தால் ஐஸ் இல்லை. மதியம் கரண்ட் போயிருந்தது. அவசரத்துக்கு டி-76ஐ 28 டிகிரியிலேயே ஊற்றினேன். சூட்டுக் கணக்குப் பார்த்தால் ஏழரை நிமிடம் மூன்றேகால் நிமிடத்துக்கு வந்தது. அதிலும் கான்ட்ராஸ்ட் குறைக்க வேண்டும் என்று முக்கால் நிமிடம் கழித்தேன். மிச்சம் இரண்டரை நிமிடம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சமமாகக் கழுவாது என்று கம்பெனிக் குறிப்பிலேயே போட்டிருக்கும். ஊற்றவே பத்து நொடி, வடிக்கப் பத்து நொடி. இரண்டரை நிமிடத்தில் இந்த இருபது நொடி எவ்வளவு பெரிய பங்கு என்று நானே யோசித்திருக்கலாம்.

முகம் வந்திருந்தது. கண், மூக்குத்தி, நெற்றியில் காய்ந்த வியர்வைக் கோடு, எல்லாம். ஆனால் மொத்தமும் கஞ்சி மாதிரி நீர்த்துக் கிடந்தது. வானத்தில் திட்டுத் திட்டாக ஈரச் சுவர் போல ஒரு கறை. பிரிண்டின் கான்ட்ராஸ்டைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர்களில் சாதாரண இரண்டாம் கிரேடில் பிரிண்ட் போட்டால் விடியற்காலைப் பனியில் எடுத்தது போல இருந்தது. ஃபில்டரை நாலரைக்கு ஏற்றினேன். கான்ட்ராஸ்ட் வந்தது, கூடவே நான் ஒழித்துவிட்டதாக நினைத்த ரவையும் வந்தது. இது எனக்குப் புதிய பாடம். கழுவும்போது விட்ட கான்ட்ராஸ்டைப் பிரிண்டில் பிடிக்கப் போனால், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் சேர்ந்தே பெரிதாகும்.

நல்ல பிரிண்ட் என்று ஒன்றைத் தேர்ந்து அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தை அவர் பார்க்கவேயில்லை. "ஏந்தம்பி, உப்பு ஏன் சாம்பல் கணக்கா இருக்கு? இப்படி உப்பு வாரினா எவன் வாங்குவான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாக உப்பு வாருகிறவரின் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது.

இரண்டாவது ரோலுக்குப் பிறகு ஒரு மாதம் வெளியே போகாமல் டாங்க்கோடு மல்லுக்கட்டினேன். கடையில் வாங்குவதை விட்டுவிட்டு டி-76ஐ நானே கலக்கத் தொடங்கியது அப்போதுதான். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. கோடக் கம்பெனி 1920களில் சினிமா பிலிமுக்காக உருவாக்கிய கலவை. இல்ஃபோர்டின் ஐடி-11உம் ஏறக்குறைய இதே சரக்குதான். பெரியவர் சொல்லித்தந்த ஒரு நுணுக்கம்: முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகுதான் மீதி சல்ஃபைட். நூறு கிராமையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரைய மறுத்து மிதக்கும். கலந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதை நானாகவே கற்றுக்கொண்டேன். அடியில் படிகமாக இறங்கிவிட்டது.

அந்த நூறு கிராம் சல்ஃபைட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது வெள்ளி உப்பின் படிகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ரவையின் விளிம்பு மழுங்கி, படம் மெத்தென்று வரும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் சல்ஃபைட் பாதியாகிவிடும். ரவை சற்றே கூடும், ஆனால் கோடுகள் கூர்மையாகும், முக்கியமாக நேரம் நீளும். நம் ஊருக்கு இந்த நேர நீட்சி வரப்பிரசாதம். 24 டிகிரியில் தண்ணீர் கலக்காத டி-76 சுமார் ஐந்து நிமிடத்தில் கழுவி முடித்துவிடும். தண்ணீர் சேர்த்தால் எட்டு நிமிடம் வரை நிதானமாக நிற்கலாம். 20 டிகிரி வேண்டும் என்று ஐஸோடு போராடுவதை அன்றோடு விட்டேன். 24 போதும். ஆனால் கடைசிக் கழுவல் வரைக்கும் எல்லாமே 24ஐ ஒட்டியே இருக்க வேண்டும். டெவலப்பரை ஐஸில் குளிரவைத்துவிட்டு, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவையும் கழுவும் தண்ணீரையும் குழாய்ச் சூட்டில் ஊற்றினால் ஜெலட்டின் அதிர்ந்து சுருங்கும். ஒரு பழைய துண்டு பிலிமில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். காய்ந்த ஏரி போல வெடித்திருந்தது.

ரோடினாலையும் விட்டுவைக்கவில்லை. 1891இலிருந்து இருக்கிற டெவலப்பர். சல்ஃபைட் மிகக் குறைவு என்பதால் ரவையை மழுக்காது, இருப்பதை அப்படியே கூராகக் காட்டும். நூறில் ஒரு பங்கு கலந்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கான்ட்ராஸ்ட் தானே அடங்கும் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். குளிர்நாட்டில் அடங்குமாக இருக்கும். என் சமையலறை மேடையில் ஒரு மணி நேரத்தில் டாங்க் 31 டிகிரிக்கு வந்திருந்தது. பிலிமின் ஓரத்துளைகளிலிருந்து வரி வரியாகக் கோடு. எனக்கு அது சரிப்படவில்லை.

அசைப்பதும் ஒரு கடிவாளம்தான். வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் களைத்துவிடும். அசைத்தால் புதிதாக வந்து சேரும், அசைக்காவிட்டால் உப்பு கொஞ்சம் அடங்கும், நிழல் தன் போக்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அடியோடு நிறுத்தினால் திட்டு விழும். முதல் அரை நிமிடம் தொடர்ந்து, பிறகு நிமிடத்துக்கு மூன்று முறை, குழந்தையைத் தோளில் மாற்றுவது போல மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துகிறேன். முதல் ரோலில் நான் குலுக்கிய குலுக்கலை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூன்றாவது ரோல் செப்டம்பரில். மழைக்கு முன்னால் கடைசி வாரல். முகம் நாலாம் படி, பிலிம் 200, எஃப்8, இருநூற்றைம்பதில் ஒன்று. அன்று இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலையைத் தொடங்கினேன். தொட்டித் தண்ணீர் அதற்குள் ஆறியிருக்கும், கரண்டும் நிலையாக இருக்கும். பிலிமைச் சுருளில் ஏற்றும் கறுப்புப் பைக்குள் கை நுழைத்தால் இரண்டு நிமிடத்தில் வியர்வை. ஈரம் பட்டால் பிளாஸ்டிக் சுருளில் பிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் மடியும். ஏசி அறையில் கால் மணி நேரம் கையை ஆறப்போட்டுவிட்டு ஏற்றினேன். டி-76 ஒன்றுக்கு ஒன்று, 24 டிகிரி, ஆறரை நிமிடம். வாளியில் தண்ணீர், அதில் பிளாஸ்டிக் கவரில் கட்டிய ஐஸ், நடுவில் டாங்க்கும் எல்லாப் பாட்டிலும். பிறகு வழக்கம்போல ஹைப்போ, கழுவல், கடைசியாக ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த பேட்டரி தண்ணீர். போர் தண்ணீரில் முடித்தால் சுண்ணாம்புப் புள்ளி விழும்.

காலையில் கிளிப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உப்பு இருந்த இடத்தில் நெகட்டிவ் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் பிடித்த தினத்தந்தியின் தலைப்பு அதன் ஊடே தெரிந்தது. இரண்டரைக் கிரேடு ஃபில்டரில் பிரிண்ட் நின்றது. வானத்தில் ரவை உண்டு. நைஸ் ரவை.

அக்டோபர் முதல் வாரம் கொண்டுபோனேன். கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, துடைக்காமலே வாங்கினார். இந்த முறையும் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையைக் காட்டினார். "இது ஈர உப்பு. பின்னாடி இருக்கிற அம்பாரம் முந்தா நாள் வாரினது, காஞ்சிடுச்சு." எனக்கு இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். கூடையில் இருந்த கல்லில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு மின்னல்கள் இருந்தன, அம்பாரத்தில் இல்லை.

மகளுக்கு ஒன்று வேண்டும் என்றார். அளவு காட்டுவதற்காகப் பிரிண்டை ஒரு நிமிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் பிடித்த ஓரத்தில், கறுப்பின் மேல், கட்டைவிரல் ரேகை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.